சக்கரம் வச்ச மாப்பிள்ளை வீடு

பிப்ரவரி 3, திங்கள்

அது என் வாயால கெடல. நல்லாக் கேட்டுக்க ராமுத்தாயி. அந்த அருப்புக்கோட்டைக்காரரு எங்கூட வேலை பாக்குற பயலுக்குப் பொண்ணு தரமாட்டேன்னு ஓடுனதுக்கு நான் என்ன பண்ணுவேன்? "மாப்பிள்ளைக்கு வீடு இருக்கா"ன்னு கேட்டாரு. "இருக்கு, ரெண்டு பக்கமும் வாசல், காத்துக்குக் கொறையில்ல, அடியில எட்டுச் சக்கரம்"னேன். இதுல எது பொய்யி? நீயே சொல்லு. சக்கரம் எட்டுதான். வேணும்னா வந்து எண்ணிக்க.

நான் இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ போனை வச்சிட்ட. மக பிரசவத்துக்குன்னு தேனிக்குப் போனவ, அங்க இருந்துக்கிட்டே என்னைய மேய்க்கிற. "போன்ல நீங்க சொல்றதுல பாதி புளுகு. அன்னன்னிக்கு நடந்தத எழுதி வைங்க, வந்து படிக்கிறேன்"ன்ன. சரி, எழுதுறேன். அஞ்சாப்பு படிச்சவன் எழுத்து இப்படித்தான் கோணிக்கிட்டு இருக்கும். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படி.

இன்னிக்குத் தண்டவாளம் மாத்துற மிஷின்காரப் பயலுகளுக்கு சாம்பார், முட்டைக்கோசு. நீ ஊர்ல இல்லாதது எனக்கு நிம்மதியாத்தான் இருக்கு. டீயில ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன். அது டப்பா மாறுனதால.

பிப்ரவரி 4, செவ்வாய்

பிளாக் கெடைக்கல, மிஷினுக்கு இன்னிக்கு வேலை இல்ல. எல்லாப் பயலும் கேரம் போர்டு. கத்திரிக்காய் புளிக்குழம்பு வச்சேன். உனக்குப் புடிக்கும்னு வைக்கல, காய் வாடிப்போச்சு.

பிப்ரவரி 6, வியாழன்

தனுஷ்கோடி காலையில இருந்து மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். போன தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்து தலை நெறைய எண்ணெய் வச்சுக் குளிச்சுட்டுப் போனானே, அவன்தான். ஆத்தாளும் இல்ல, அப்பனும் இல்ல. வயசு முப்பத்தி நாலு ஆச்சு. மிஷின் ஆப்பரேட்டரு, சம்பளத்துக்குக் கொறையில்ல, பீடி சிகரெட்டு கெடையாது. ஆனா பொண்ணு வீட்டுக்காரக எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான். வீடு எங்க?

இவனுக்கு வீடுன்னா இந்தக் கேம்ப் கோச்சுதான். ரயில் பெட்டியத் தடுத்து, படுக்கை போட்டு, ஒரு பக்கம் எனக்கு அடுப்படி. மிஷின் எந்த ஸ்டேசன்ல வேலை செய்யுதோ அந்த ஸ்டேசன் ஓரத்து லைன்ல பெட்டியக் கொண்டாந்து நிப்பாட்டுவாக. வேலை நகந்தா வீடும் நகரும். போன மாசம் வேற ஊரு, இப்பக் கரிசல்பட்டி, அடுத்து நல்லமுத்துபுரம். குவாட்டர்ஸ் கேட்டு எழுதிப் போட்டுருக்கான். அது வரும்போது வரட்டும்.

"பெரியப்பா, இந்தக் கோவில்பட்டி எடமும் தட்டிப் போச்சுன்னா நான் இனிமே பாக்கவே போறதில்ல"ன்னான்.

"ஏண்டா, இந்த மிஷினையே கட்டிக்க. ஒன்னையத் தவிர வேற யாரு சொன்னாலும் அது கேக்கிறதில்ல"ன்னேன்.

சிரிக்கல. தட்டுல பாதிச் சோத்தை வச்சிட்டு எந்திரிச்சுட்டான். அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இவன் நெசமாவே சொல்றான்.

நீ அந்த மிஷின் வேலை செய்யிறதப் பாத்ததில்லையே. சனங்க அதையும் ரயிலுன்னுதான் நெனைக்கும். ரயிலு தண்டவாளத்து மேல போகும், அம்புட்டுத்தான். இது தண்டவாளத்தைப் பிரிச்சுக்கிட்டும் போட்டுக்கிட்டும் போகும். பழைய தண்டவாளத்தை ரெண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, அடியில குறுக்க கெடக்குற பழைய கட்டைய உருவி எடுத்து, புதுக் காங்கிரீட்டுக் கட்டைய வரிசையா வச்சு, அதுமேல புதுத் தண்டவாளத்தை நுழைக்கும். முன் சக்கரம் பழசு மேல, பின் சக்கரம் புதுசு மேல. நடுவுல வெறும் தரை, வண்டி அந்தரத்துல நிக்கும். அந்தத் தரையப் பாத்தாப்புல ஒரு சீட்டு. அதுலதான் நம்ம பய உக்காந்து கட்டை வைக்கிறான். தலையத் திருப்பிட்டான்னா கட்டை கோணிக்கிரும். பின்னாடியே தண்டவாளம் வந்துக்கிட்டு இருக்கும்.

கோவில்பட்டிப் பொண்ணு பேரு செண்பகவல்லி. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற வேலை. அப்பா இல்ல, அத்தைதான் வளத்தது. அந்த அத்தைக்குப் பையனப் புடிச்சுப் போச்சாம், ஆனா "வீட்டைக் கண்ணால பாக்கணும்"னுருச்சாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாராக.

பிப்ரவரி 8, சனி

பெட்டியக் கழுவுனோம். பயலுக கட்டிலுக்கடியில இருந்து எடுத்த குப்பைய எழுதுனா நீ இந்த நோட்டையே தொடமாட்ட. ஜன்னலுக்கெல்லாம் புதுத் திரைச்சீலை, தனுஷ்கோடி படுக்கைக்குப் புது விரிப்பு. வாசல்ல ஏறுறதுக்கு ஒரு மரப்படி இருக்கு, அதுக்கு நீலப் பெயிண்டு. காயல. நாந்தான் முதல்ல ஏறி, கால் பூரா நீலம்.

நீ போன்ல சொன்னதையும் எழுதிக்கிறேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட வரக்கூடாது. அந்தப் பய வாழ்க்கை ஒங்க நாக்குல இருக்கு." சரி தாயே. நாக்கைச் சுருட்டி வச்சுக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்னிக்கு நெறைய இருக்கு. பொறுமையாப் படி.

காலையிலயே மொத இடி. இன்னிக்கு பிளாக் கெடைச்சிருச்சு. பிளாக்னா அந்த லைன்ல வேற வண்டி விடாம ரெண்டு மூணு மணி நேரம் மிஷினுக்கு அடைச்சுக் குடுக்கிறது. கெடைக்கிறதே பெருசு, கெடைச்சா யாரும் வேணாங்கக் கூடாது. இன்னொரு ஆப்பரேட்டரு லீவு. தனுஷ்கோடிதான் போகணும். "சாயங்காலம் அவுக வாரதுக்குள்ள வந்துருவேன் பெரியப்பா, பேச்சு மட்டும் பாத்து"ன்னு கும்பிடு போட்டுட்டுப் போனான். இவனும் நீயும் ஒரே எடத்துல பாடம் படிச்சீகளோ என்னமோ.

நான் மிக்சியில சட்னி அரைச்சுக்கிட்டு இருக்கையில ஸ்டேசன் மாஸ்டர் வாசல்ல வந்து நின்னு ஏதோ சொன்னாரு. கோச்சு, இஞ்சின், மத்தியானம்னு காதுல விழுந்துச்சு. மீதி மிக்சி சத்தத்துல போயிருச்சு. நான் தலைய ஆட்டி வச்சேன். பெரிய மனுசன் வந்து சொல்லும்போது ஆட்டித்தானே வைக்கணும்.

அப்பறம் சும்மா இருக்கோமேன்னு குடம், அண்டா எல்லாத்தையும் கயித்தால கட்டி வச்சேன். வெளிய காயப்போட்ட துணிய எடுத்து உள்ள வச்சேன். காத்து அடிச்சுச்சு.

சாயங்காலம் வரவேண்டியவுக மத்தியானமே வந்து நிக்கிறாக. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராகுகாலமாம், அந்த நேரத்துல வாசப்படி மிதிக்கமாட்டேன்னு அத்தை முன்னாடியே கெளம்பிருச்சு. அத்தை கோமதி, நல்ல வாட்டசாட்டமான ஆளு. கூட அது வீட்டுக்காரரு உலகநாதன், கார் ஓட்டிக்கிட்டு வந்தாரு. பொண்ணும் வந்திருந்துச்சு. மாப்பிள்ளை வீடு பாக்கப் பொண்ணு வாரது பழக்கமில்லையேன்னு நான் முழிக்க, "நாந்தானே தாத்தா இருக்கப் போறேன், நாந்தானே பாக்கணும்"னுச்சு. எனக்கு அப்பவே புடிச்சுப் போச்சு.

உலகநாதனுக்கு யாரோ போன் பண்ண, அவரு பிளாட்பாரத்துப் பக்கம் பேசிக்கிட்டே போயிட்டாரு. பொம்பளைக ரெண்டு பேரும் நீலப்படியில ஏறி உள்ள வந்து உக்காந்தாக. நீ சொன்னபடிதான் நடந்தேன்.

"அண்ணாச்சி, மாப்பிள்ளை எங்க?"

"பிளாக்குல."

"எப்ப வருவாக?"

"முடிஞ்சதும்."

"இதுல எத்தனை பேரு தங்குறீக?"

"எட்டு."

அத்தை பொண்ணு காதுல குசுகுசுன்னுச்சு. "பாவம், பேச்சு சரியா வராது போல." அம்புட்டு ஒழுக்கமா இருந்தேன் ராமுத்தாயி. நீ பாத்திருந்தா கண்ணு பட்டிருக்கும்.

அத்தை சுத்திச் சுத்திப் பாத்துச்சு. அடுப்படியப் பாத்துச்சு, தண்ணி டேங்கைப் பாத்துச்சு. "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை விலாசம்னு என்னன்னு அடிக்கிறது? நாளைக்கு ஒரு பிள்ளை பொறந்தா எந்த ஊரு பள்ளிக்கூடத்துல சேக்கிறது? நான் மாப்பிள்ளையக் கொறை சொல்லல அண்ணாச்சி. வீட்டுக்குன்னு ஒரு மண்ணு வேணும்ல."

கேட்டது நாயமாத்தான் இருந்துச்சு. என் நாக்குல ரெண்டு பதில் வந்து நின்னுச்சு. முழுங்கிட்டேன். காபி போட்டேன். வாசல்ல இருந்த மரப்படியத் தூக்கி உள்ள வச்சேன், பெயிண்டுல தூசி விழும்னு.

டங்குன்னு ஒரு இடி. அத்தை கையில இருந்த காபி மடியில.

"என்னது அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. இஞ்சின் வந்து ஒட்டுது. அப்படித்தான் ஒட்டும், கழட்டும். நாங்க கவனிக்கிறதே இல்ல."

"நகருதே?"

"கொஞ்சம் முன்ன பின்னத் தள்ளி விடுவாக. ரெண்டு நிமிசம்."

ரெண்டு நிமிசத்துல பிளாட்பாரம் முடிஞ்சு போச்சு. போன் பேசிக்கிட்டு இருந்த உலகநாதன் திரும்பிப் பாத்தாரு. ஒரு கையில போனு, ஒரு கையில ஆப்பிள் பையி. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வீடு போகுது. கொஞ்ச தூரம் ஓடி வந்தாரு. நல்ல மனுசன், பையை மட்டும் கீழ விடல.

"நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாதா இது போகும்னு?"

"எனக்கென்ன தங்கச்சி தெரியும், நான் சமையல்காரன். நல்லமுத்துபுரத்துல நிக்கும். அங்கதான் வீடு மாறுது. ஒங்க வீட்டுக்காரரு கார்ல வந்துருவாரு."

"டிக்கெட்டு?"

"வீட்டுக்குள்ள இருக்கிறதுக்கு யாரு தாயி டிக்கெட் எடுப்பா?"

பொண்ணு பொத்துக்கிட்டுச் சிரிச்சுருச்சு. அத்தை மொறைச்சுச்சு. "அப்ப ஒங்களுக்குப் பேச்சு நல்லாத்தான் வருது."

அதுக்கப்பறம் சுருட்டி வச்சு என்ன பிரயோசனம்? வாயத் தொறந்துட்டேன். தனுஷ்கோடிக்குக் காய்ச்சல் வந்தா எப்படிப் படுப்பான், சோத்துல எதை ஒதுக்குவான், சம்பளம் வந்த அன்னிக்கு யாருக்கெல்லாம் என்ன வாங்கிட்டு வருவான், எல்லாம் சொன்னேன். கொறட்டை விடுவான்னும் சொன்னேன். ஒரேயடியா நல்லதாச் சொன்னா நம்பமாட்டாகல்ல.

வழியில ஒரு ரயில்வே கேட்டு. அடைச்சிருக்கு. மொத வண்டியா நிக்கிறது உலகநாதன் காரு. நமக்காக அடைச்ச கேட்டுல அவரு மாட்டிக்கிட்டு, நம்ம வீடு அவரு மூக்குக்கு முன்னாடி ஊந்து ஊந்து போகுது. அத்தை ஜன்னல் வழியாக் கையக் காட்டி, "மெதுவா வாங்க, நாங்க காபி குடிச்சிட்டோம்"னுச்சு. அதுக்கும் கொஞ்சம் ருசி தட்டிருச்சு போல.

கேட்டுத் தாண்டுனதும் சத்தம் கேட்டுச்சு. பக்கத்து லைன்ல மிஷின் வேலை நடக்குது. எங்க வண்டி இன்னும் மெதுவாப் போச்சு. புழுதின்னா அப்படி ஒரு புழுதி. மஞ்சச் சட்டைக்காரக ரெண்டு பக்கமும் நிக்கிறாக, மேல கிரேன் கட்டையச் சொமந்துக்கிட்டு ஓடுது, நடுவுல வெறும் தரை. தரைக்கு மேல நம்ம பய. மொகம் பூரா மண்ணு, கண்ணு மட்டும் தெரியுது. கண்ணு கட்டை மேல.

"அந்தா, அவன்தான்"னேன்.

ரெண்டு பொம்பளைகளும் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டாக. கையெட்டுற தூரத்துல அவன் சொந்த வீடு போகுது, உள்ள பொண்ணு உக்காந்திருக்கு. நிமிந்து பாக்கல. ஒரு கட்டை, அடுத்த கட்டை, அடுத்த கட்டை.

அத்தை சொல்லுச்சு, "சொந்த வீடு போறதே தெரியல. பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் திரும்புவாராக்கும்."

பொண்ணு திரும்பாமச் சொல்லுச்சு. "இப்பத் திரும்பக் கூடாது அத்தை. பின்னாடி தண்டவாளம் வருது பாருங்க."

பாத்த ஒடனே புரிஞ்சுக்கிருச்சு ராமுத்தாயி. எனக்கு அது புரிய ஒரு வருசம் ஆச்சு.

நல்லமுத்துபுரத்துல ஓரத்து லைன்ல கொண்டாந்து நிப்பாட்டுனாக. உலகநாதன் வரல. அடுத்த கேட்டுலயும் மாட்டியிருப்பாரு. அத்தை காலை நீட்டித் தனுஷ்கோடி கட்டில்ல சாஞ்சுச்சு, கொஞ்ச நேரத்துல கண்ணசந்துருச்சு. பொண்ணு அடுப்படிக்கு வந்து, "தள்ளுங்க தாத்தா"ன்னு அதுவே காபிக்குப் பால் வச்சுச்சு. சீனி டப்பா எதுன்னு மோந்து பாத்து எடுத்துச்சு. கெட்டிக்காரி.

பிளாக் முடிஞ்சு மிஷினும் அங்கயே வந்து நின்னுச்சு. பயலுக எறங்கிக் கரிசல்பட்டிக்குப் போற வண்டியப் பிடிக்க நடந்து வாராக. அவுகளுக்கு வீடு இன்னும் கரிசல்பட்டியில நிக்கிறதா நெனைப்பு. தனுஷ்கோடி தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, தூக்குவாளிய ஆட்டிக்கிட்டு, ஓட்டமும் நடையுமா வாரான். நிமிந்தவன் அப்படியே நின்னுட்டான். எதுத்தாப்புல அவன் வீடு. வாசல்ல அந்தப் பொண்ணு.

மத்தப் பயலுக எல்லாம் ஒரு எட்டுப் பின்னாடி போயிட்டாக. இவன் மூஞ்சியத் தொடைக்கிறான், தொடைச்ச கையிலயும் மண்ணு. தெனமும் படியே இல்லாம ஒரே தாவுல ஏறுறவன், இன்னிக்கு ஏறத் தெரியாத ஆளு மாதிரி நிக்கிறான்.

அந்தப் பொண்ணு குனிஞ்சு மரப்படியத் தூக்கி எறக்கி வச்சுச்சு. "வாங்க"ன்னுச்சு. "உள்ள வாங்க. காபி போட்டிருக்கேன்."

அவன் வீட்டுக்கு அவனையே கூப்பிடுது. நான் ஒரு நல்ல கேலியா யோசிச்சு வச்சிருந்தேன். வரல. டம்ளரு கழுவப் போயிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அத்தை போகும்போது "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்"னுட்டுப் போச்சு. இன்னும் போன் வரல. பய சாப்பிடல. ரசம் வச்சுக் குடுத்தேன், அதையும் ஆற வச்சுட்டான்.

பிப்ரவரி 12, புதன்

பேத்தி பொறந்த சேதி சொன்ன. சந்தோசம். மூக்கு உன்னைய மாதிரின்ன. பாவம் பிள்ளை.

அந்தக் கையோட என்னைய வெசாரணை பண்ற. "இஞ்சின் வாரது ஒங்களுக்கு முன்னமே தெரியுமா, தெரியாதா?" நானே எழுதித்தானே வச்சிருக்கேன் மிக்சி ஓடுச்சுன்னு. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?

பயகிட்ட இன்னிக்கு நான் ஒண்ணும் கேலி பண்ணல. பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சேன். அவனும் உரிச்சான். "அந்தப் புள்ளை இல்லைன்னு சொன்னாலும் பரவாயில்ல பெரியப்பா. வாங்கன்னு ஒரு ஆளு வாசல்ல நின்னு கூப்பிட்டுச்சுல்ல, எனக்கு அது போதும்"னான். போதாதுன்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

அத்தை போன் பண்ணிருச்சு. தனுஷ்கோடிக்கு இல்ல, எனக்கு. ஸ்பீக்கர்ல போட்டேன், பயலுக எல்லாம் சோத்துக் கையோட சுத்தி நின்னாக.

"அண்ணாச்சி, எனக்கு இன்னும் மனசு முழுசா ஒப்பல. உண்மையச் சொல்லிர்றேன். ரயிலுப் பெட்டிய வீடுன்னு என்னால சொல்ல முடியாது. கோவில்பட்டியில சக்கரம் இல்லாத ஒரு வீடு பாத்து வாடகைக்குப் பிடிக்கச் சொல்லுங்க. அவ வேலைக்கும் அதுதான் வசதி. லீவுக்கு லீவு மாப்பிள்ளை அங்க வரட்டும்."

"சரி தங்கச்சி. அப்ப ஒங்களுக்குச் சம்மதமா?"

"எங்கிட்ட எங்க கேட்டா அவ? 'நல்லா யோசிச்சியாடி'ன்னேன். 'வாங்கன்னு கூப்பிட்டாச்சு அத்தை. உள்ள வந்து உக்காந்து காபியும் குடிச்சுட்டாக. இனிமே போங்கன்னா சொல்ல முடியும்'னுட்டா."

தனுஷ்கோடி எந்திரிச்சுக் கை கழுவப் போனான். அவன் இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவே இல்ல.

பாயாசம் வச்சேன். சீனி சரியாத்தான் போட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

நிச்சயதார்த்தம் வார புதன்கிழமை. அதுக்காக நீ நேத்தே வந்து எறங்கிட்ட. இப்ப எனக்கு எதுத்தாப்புல, கேம்ப் கோச்சுல, நான் எழுதுறதப் பாத்துக்கிட்டே பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்க. இதுவரைக்கும் எழுதுனது பூராவும் வாசிச்சுக் காட்டிட்டேன். மூணு எடத்துல சிரிச்ச, சிரிக்கலைன்னு சொல்ற. மூக்கு சேதிக்கு மட்டும் மண்டையில கொட்டுன.

இன்னும் ஒரு சேதி பாக்கி இருக்கு. அதையும் எழுதிக்கிட்டே சொல்றேன், கேளு.

நேத்து நீ வாரதுக்கு முன்னாடி தனுஷ்கோடி எங்கிட்ட வந்தான். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு பெரியப்பான்னான். நல்லதுடான்னேன். போகல. நின்னுக்கிட்டே இருந்தான். என்னடான்னேன். "கல்யாணத்தன்னிக்கு மேடையில எங்க பக்கம் ரெண்டு எடம் சும்மா கெடக்கும்ல. நீங்களும் பெரியம்மாவும் நிக்கணும். நீங்க தாலிய எடுத்துக் குடுத்துத்தான் நான் கட்டணும்"னான்.

நீ ஏன் பூண்டைக் கீழ வச்சிட்ட? கேளு. நான் அவனை அப்படியே விட்டுருவேனா? "டேய், எனக்கு ஒண்ணுமில்லடா, நான் நின்னுருவேன். ஆனா எம் பொண்டாட்டிக்கு என் பக்கத்துல நிக்கிறதுன்னாலே ஆகாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ரெண்டு எட்டுத் தள்ளியேதான் நிக்கிறா. அவளைச் சம்மதிக்க வைக்கணும்னா மொதல்ல அவளுக்கு ஒரு"ன்னு ஆரம்பிச்சேன்

ஏ புள்ள, எங்க போற, அவன்கிட்டச் சம்மதம் சொல்லவா? இன்னும் முடிக்கலையே. அவன் அந்தப் பக்கந்தான் இருக்கான், நீ போயி